பாஸ்போர்ட்டுக்கு நான்கு பாட்டில்

9 ஜூன் 2006, வெள்ளி. ஷார்ஜா

நேற்று ஊரிலிருந்து வந்து சேர்ந்தோம். மூன்று பெட்டியில் ஒன்றைத்தான் பிரித்திருக்கிறேன். மாவடு டப்பா கசிந்து இரண்டு புடவை நாசம். யாரைத் திட்டுவது, கட்டி வைத்தது நான்தானே.

துபாய் ஏர்போர்ட்டில் இறங்கியதும் இவர் வழக்கம்போல் பெட்டி வரும் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேரே பாட்டில் கடை. ஷார்ஜாவில் ஒரு சொட்டு விற்க மாட்டார்கள். அதனால் ஊர் போய்த் திரும்புகிற எல்லாக் குடும்பமும் இறங்குகிற இடத்திலேயே கோட்டாவை எடுத்துவிடும். பாஸ்போர்ட்டுக்கு நான்கு பாட்டில். குடிக்காத பெண்டாட்டியின் பாஸ்போர்ட்டும் சேர்த்தி. பதினோரு வருஷமாக என் பெயரில் நான்கு வருகிறது. நான் முகர்ந்துகூடப் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் கடைக் கம்ப்யூட்டரைக் கேட்டால், ஜெயபாரதி கோபாலசாமி மொடாக் குடிகாரி என்று சொல்லும்.

இந்தத் தடவை தன்யாவின் பாஸ்போர்ட்டையும் நீட்டினார். கவுண்டரில் இருந்த பிலிப்பினோப் பெண் பிறந்த தேதியைப் பார்த்துவிட்டு, "ட்வென்ட்டி ஒன்லி, சார்" என்று திருப்பிக் கொடுத்தாள். இருபத்தொன்று முடிந்திருக்க வேண்டுமாம்.

"நவம்பருக்கப்புறம் வாங்கப்பா, நான் பெரிய மனுஷி ஆயிடுவேன்" என்றாள் தன்யா. மூன்று பேரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

இவர் ஆபீஸ் பன்னீர்செல்வம் காலையிலேயே போன். "அண்ணி, அண்ணன் கோட்டாவுல எனக்கு ஒண்ணு ஒதுக்கி வைக்கச் சொல்லுங்க." பயணம் எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்ல மனுஷன்தான், ஆனால் நாக்கு அப்படி.

30 ஜூன்

தன்யா கோயம்புத்தூர் காலேஜுக்குக் கிளம்பிவிட்டாள். ஆறு மாதத்துக்குள் ஒரு தடவை வந்து போகாவிட்டால் அவள் விசா ரத்து. எப்படியும் டிசம்பரில் பார்த்துவிடலாம். பெற்ற பெண்ணைப் பார்க்க எனக்கு இந்த ஊர்ச் சட்டம்தான் துணை.

19 ஆகஸ்ட், சனி

ஷேவ் பண்ணப் போனவர் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் வாஷ்பேசின் முழுக்க ரத்தம். வாந்தி. அப்புறம் எழுதுகிறேன்.

22 ஆகஸ்ட்

எதிர் ஃபிளாட் ஷம்சியாவின் வீட்டுக்காரர்தான் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார். இல்லையென்றால் இவர் அன்றைக்கே போயிருப்பார்.

கல்லீரல். சுருங்கிக் கெட்டியாகிவிட்டதாம். அதனால் உணவுக்குழாயில் நரம்பு புடைத்து வெடித்திருக்கிறது. டாக்டர் பாலக்காட்டுக்காரர், நன்றாகத் தமிழ் பேசுகிறார். "இனிமே ஒரு பெக் உள்ளே போச்சுன்னா, அடுத்த தடவை ரத்தத்தை என்னால நிறுத்த முடியாது. வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க. யாராவது தெரியாம ஊத்திக் கொடுத்துடுவாங்க."

வீட்டில் எல்லாரும் என்றால் யார். நான், இவர், தன்யா.

தன்யாவிடம் சொல்ல வேண்டாம் என்று முதலில் சொன்னது நான்தான். கடைசி வருஷம், கேம்பஸ் இன்டர்வியூ வேறு. இவர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். எங்கள் வீட்டில் இது வழக்கம். எனக்கு பி.காம். பரீட்சை நடக்கும்போது சித்தப்பா செத்துப்போனதைக் கடைசிப் பேப்பர் எழுதி முடித்த பிறகுதான் சொன்னார்கள். படிக்கிற பிள்ளையிடம் போய்ச் சொல்வார்களா யாராவது?

29 செப்டம்பர்

நாற்பத்தொரு நாள். தொடவில்லை. பால்கனியில் உட்கார்ந்து மோர் குடிக்கிறார். எரிந்து விழுகிறார், விழட்டும்.

17 நவம்பர்

தன்யாவுக்கு இருபத்தொன்று. போனில் அவளே முந்திக்கொண்டாள். "அப்பாகிட்ட சொல்லும்மா, என் கோட்டா ரெடி."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். நாக்கு வரைக்கும் வந்தது. அடுத்த வாரம் இன்டர்வியூ. "சாப்பிட்டியா" என்று கேட்டேன்.

11 டிசம்பர். திருச்சி

அண்ணன் மகள் கல்யாணம் நேற்று நல்லபடியாக முடிந்தது. ஆம்பிளைகள் எல்லாம் மொட்டை மாடியில். இவர் மட்டும் கீழே, பந்தியில் நின்று பரிமாறிக்கொண்டிருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இருபத்து மூன்று வருஷத்தில் இவரைப் பார்த்து நான் பெருமைப்பட்ட நாட்களை எண்ண ஒரு கை போதும். நேற்று அதில் ஒன்று.

தன்யாவுக்கு வேலை கிடைத்துவிட்டது. லீவுக்கு எங்களோடுதான் துபாய் வருகிறாள். வந்ததும் எல்லாவற்றையும் நிதானமாக உட்கார்த்தி வைத்துச் சொல்லிவிட வேண்டும்.

23 டிசம்பர். ஷார்ஜா

நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்று எனக்கு நானே எழுதி வைத்துக்கொள்கிறேன்.

நேற்று ஏர்போர்ட்டில் இமிக்ரேஷன் தாண்டியதும் இவர் பாஸ்போர்ட்டைக் கையிலிருந்து வாங்கினேன். என்னுடையதையும் சேர்த்துக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டேன். இவர், "பெட்டி வரட்டும், நான் டிராலி எடுத்துட்டு வரேன்" என்றார். "நானும் வரேன்பா" என்று தன்யா கூடப் போனாள். நான் பெல்ட் பக்கத்தில் பெட்டிக்குக் காவல். என் பையில் இரண்டு பாஸ்போர்ட் இருக்கிறது, பயமில்லை என்று நினைத்தேன். மூன்றாவது ஒன்று இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை. அவளுடையதை அவள் கையில்தான் வைத்திருந்தாள். வளர்ந்த பெண் இல்லையா.

திரும்பி வந்தபோது டிராலியில் கடைப் பை. நான்கு பாட்டில்.

"அம்மா, அந்தப் பொண்ணு என் டேட் ஆஃப் பர்த் பாத்துட்டு ஹேப்பி பர்த்டேன்னு சொன்னா. லேட்டா சொன்னாலும் பரவால்ல. என் ப்ராஜெக்ட் ஸ்டைபண்ட்ல வாங்கினேன், அப்பாவுக்கு என் முதல் கிஃப்ட்."

முகம் அப்படிப் பூத்திருந்தது அவளுக்கு. இவர் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டு என்னைப் பார்த்தார். சொல்லிவிடாதே என்கிற பார்வை. கெஞ்சல்.

நான் வாயைத் திறக்கவில்லை. ஏன்? சுற்றி ஜனம். இரண்டு வாரம் இருக்கப் போகிறவள், வந்த அன்றைக்கே அழ வைப்பானேன் என்று ஒரு நினைப்பு. அங்கேயே சொல்லியிருந்தால் அவளே தூக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டிருப்பாள். அவள் அப்படிப்பட்டவள்தான். எனக்குத் தெரியும். தெரிந்தும் சும்மா நின்றேன்.

25 டிசம்பர்

அப்பாவும் பெண்ணும் மால் போயிருந்தபோது இரண்டு பாட்டிலைக் கக்கூஸில் கொட்டினேன். மற்ற இரண்டைக் காணோம். கார் டிக்கியில் தேடினேன், சமையலறைப் பரணில் தேடினேன்.

ராத்திரி கேட்டால், குரலை உயர்த்தாமல் சொல்கிறார்: "நீ கொட்டினது புள்ள வாங்கிக் கொடுத்தது, பாரதி. அவ கேட்டா என்னன்னு சொல்லுவே?" நான் கட்டிய பொய்யை எடுத்து என் தலையிலேயே வைக்கிறார். "அவ போகட்டும், விட்டுடறேன்" என்றார்.

5 ஜனவரி 2007

தன்யா கிளம்பினாள். "அப்பா இளைச்சுட்டாரேம்மா, டயட்டா?"

"ஆமா, டயட்" என்றேன்.

இந்த வருஷத்து டைரியையும் இவர்தான் ஆபீஸிலிருந்து கொண்டுவந்து கொடுத்தார். கொடுக்கும்போது வாடை அடித்தது.

27 ஜனவரி, சனி

மறுபடியும் ரத்தம்.

2 பிப்ரவரி

தன்யா வந்துவிட்டாள். ஐ.சி.யூ. கண்ணாடி வழியாகத்தான் பார்க்க விடுகிறார்கள். இவர் வயிறு ஊதி, கண் மஞ்சளாக, அவளை அடையாளம் தெரியாமல் கிடக்கிறார்.

"எப்பேர்ந்தும்மா?"

"இப்பதாண்டி. இந்த ஜனவரிலதான் தெரியும்."

டாக்டர் தாண்டிப் போனார். எதுவும் சொல்லிவிடுவாரோ என்று எனக்கு உயிரே போய் வந்தது. இந்த நிலைமையிலும் எனக்கு அந்தப் பயம்தான் பார்.

6 பிப்ரவரி

காலை ஏழு இருபதுக்குப் போய்விட்டார்.

8 பிப்ரவரி

உடம்பை ஊருக்குக் கொண்டுபோக எத்தனை காகிதம். போலீஸ், எம்பஸி, கார்கோ. பன்னீர்செல்வம் இல்லையென்றால் நான் எங்கே நின்றிருப்பேன் என்றே தெரியவில்லை. இரண்டு நாளாக மனிதர் தூங்கவில்லை. எங்களோடு திருச்சி வரைக்கும் வருகிறேன் என்று டிக்கெட்டும் எடுத்துவிட்டார். நாக்கு என்று எழுதினேனே அவரைப் பற்றி, அதை அடித்துவிடலாம்.

ஆஸ்பத்திரி ஃபைல் முழுவதும் ஜெராக்ஸ் எடுத்துத் தரச் சொன்னார்கள். ஷம்சியா துவா ஓதிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு எழுந்து நிற்கவே தெம்பில்லை. தன்யா, "குடும்மா, நான் போறேன்" என்று வாங்கிக்கொண்டு கீழே கடைக்குப் போனாள். அவள் லிஃப்டில் இறங்கின பிறகுதான் எனக்கு உறைத்தது. ஃபைலின் முதல் பக்கம் ஆகஸ்ட். ஒரு துளி கூடாது, குடும்பத்தாருக்குத் தெரிவிக்கவும் என்று டாக்டர் கையெழுத்தோடு.

பத்து நிமிஷ வேலை. ஒரு மணி நேரம் கழித்து வந்தாள். ஃபைலை மேஜையில் வைத்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். ஷம்சியா போகிற வரைக்கும் காத்திருந்தாள்.

"அம்மா, ஆகஸ்ட்ல எனக்கு என்ன பரீட்சை?"

ஒன்றும் இல்லை. ஆகஸ்டில் ஒரு பரீட்சையும் இல்லை.

"தன்யா, நான் வந்து..." என்று ஆரம்பித்தேன். "விடும்மா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பேன்.

என் பாஸ்போர்ட்டை நான் கொடுத்துத் தொலைத்திருந்தால் அது என் பெயரில் போயிருக்கும். பதினோரு வருஷம் போனதுதானே, இன்னும் ஒரு நாலு. நியாயமாக நடப்பதாக நினைத்துக்கொண்டு ஜிப்பை இழுத்தேன். அது குழந்தை தலையில் போய் விழுந்தது. கடவுளே, என்னை மன்னிக்க வேண்டாம், அவள் அதைத் தூக்கிக்கொண்டு திரியாமல் பார்த்துக்கொள்.

12 பிப்ரவரி. திருச்சி

நேற்று தகனம் முடிந்தது. அண்ணன் வீட்டு மாடி அறையில் எழுதுகிறேன். தன்யா பக்கத்தில் படுத்திருக்கிறாள், தூங்கவில்லை.

முந்தாநாள் நடந்ததை எழுதியே ஆக வேண்டும். ஏர்போர்ட்டில் இவரை வைத்த பெட்டியைக் கார்கோவில் ஏற்றிவிட்டார்கள் என்று பன்னீர்செல்வத்துக்குப் போன் வந்தது. அப்புறம் மூன்று பேரும் கேட் பக்கம் நடந்தோம். வழியில் கடை. அவர் தயங்கித் தயங்கி நின்றார்.

"அண்ணி, தப்பா நினைக்காதீங்க. ஊர்ல தூக்குறவங்க, சுடுகாட்டு வேலைக்கு வர்றவங்க, எல்லாரும் கேப்பாங்க. ஊருக்குப் போறப்போ என் பாஸ்போர்ட்ல ரெண்டுதான் தருவான். தன்யா, உன்னோடதைக் கொஞ்சம் குடும்மா."

அவர் தப்பாகக் கேட்கவில்லை. அங்கே இருக்கிற யாரும் அப்படித்தான் கேட்பார்கள். நானே கேட்டிருப்பேன், வேறு வீட்டுச் சாவாக இருந்தால்.

தன்யா பாஸ்போர்ட்டை நெஞ்சோடு வைத்துக்கொண்டு சொன்னாள்: "எனக்கு இன்னும் இருபத்தொண்ணு ஆகல, அங்கிள்."

பன்னீர்செல்வம் என்னைப் பார்த்தார். நவம்பரில் அவளுக்கு வாழ்த்து எஸ்.எம்.எஸ். அனுப்பியவர் அவர்.

"ஆமா, ஆகல" என்றேன்.

அவர் அப்புறம் எதுவும் கேட்கவில்லை, கடைக்கும் போகவில்லை. விமானத்தில் ஏறி உட்கார்ந்ததும் தன்யா பாஸ்போர்ட்டை என் மடியில் வைத்தாள். "நீயே வச்சுக்கோம்மா. எல்லாத்தையும் நீயே வச்சுக்கோ." பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திருச்சி வரைக்கும் அவள் கையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் இழுத்துக்கொள்ளவில்லை, பதிலுக்குப் பிடிக்கவும் இல்லை.

மூன்று பாஸ்போர்ட்டும் இப்போது என் கைப்பையில்தான் இருக்கின்றன. இவருடையதை மட்டும் எம்பஸியில் ரத்து செய்து, மூலையை வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.