பானட்டில் ஒரு கோணல் ஓட்டை

டொலிடோ, ஒஹையோ
ஞாயிறு, ஆகஸ்ட் 3, 1986

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் ஒரே மகளும் பள்ளி முதல்வரின் நிரந்தரத் தலைவலியுமான ரோண்டா எழுதுவது. இங்கே நான், அப்பா, பூனை மூவரும் நலம். இதில் ஒருவர் விஷயத்தில் பொய் சொல்லியிருக்கிறேன். அது பூனை அல்ல.

டூசானில் வெயில் எப்படி? பெரியம்மா இன்னும் குறட்டை விடுகிறாளா? போன இலையுதிர் காலத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "கொஞ்ச நாள் காத்தாட இருந்துட்டு வரேன்" என்று கிளம்பினாய். நீ காற்று வாங்கப் போனாய். அப்பா காற்றடிக்கிற மெஷினையே வாங்கிவிட்டார். விளையாட்டில்லை. நம் செவெல் காரில், எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற சூப்பர்சார்ஜர் ஏற்றியாகிவிட்டது.

உனக்கு நினைவிருக்கும். சிக்னலில் ஒரு பொடியன் நம்மை முந்திப் போனபோது, "வெர்ன், இதுக்கு ஒரு சூப்பர்சார்ஜர் போடு. இல்லேன்னா நான் இறங்கி நடந்தே போயிடுவேன்" என்று சிரித்தாயே. அப்பா அன்றைக்கு அதைக் காதில் வாங்கவில்லை. நீ நிஜமாகவே இறங்கிப் போன பிறகுதான் அவருக்குக் கேட்டிருக்கிறது. அவர் காது நம் எஞ்சின் மாதிரி. குளிரில் ஸ்டார்ட் ஆக நேரமெடுக்கும்.

இன்னொரு செய்தி. "எனக்குப் புருஷன்னா காருக்கு அடியில நீட்டிக்கிட்டிருக்கிற ரெண்டு காலுதான்" என்று பெரியம்மாவிடம் போனில் சொன்னாயே, நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். சூப்பர்சார்ஜர் எஞ்சினுக்கு மேலே உட்காருகிற சாமான். அதனால் இந்தக் கோடை முழுக்க அப்பாவின் முகத்தைப் பார்க்க முடிந்தது. அது இருந்த இருப்புக்குக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம்.

வேலையைக் குறை சொல்ல முடியாது. பிஸ்டன்களை மாற்றினார், பழையவை அந்த அழுத்தத்தைத் தாங்காதாம். பெல்ட் மாட்டி முதல்முறை ஓடவிட்டபோது எழுந்த ஊளையில் பக்கத்து வீட்டு நோவாக்கின் நாய் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. நோவாக் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "டேய் வெர்ன், காரு ஓட்டப் போறியா, இல்ல வீட்டையே கிளப்பிக்கிட்டுப் பறக்கப் போறியா?" என்று கத்தினார். அப்பா சிரித்தார், அம்மா. பல் தெரிந்தது. அன்றோடு சரி.

சிக்கல் பானட்டில் வந்தது. சூப்பர்சார்ஜர் தையல் மெஷின் உயரம், அதன் மேல் கார்புரேட்டர் வேறு. பானட் மூடவில்லை. நடுவில் ஓட்டை போட்டே ஆக வேண்டும். அதில் அப்பாவுக்கு என்ன கஷ்டம்? தகரத்தில் அவர் கோடு போட்டால் ஸ்கேலே வெட்கப்படும். அட்டையை அளவாக வெட்டி, டேப் ஒட்டி, பானட்டைக் கழற்றிக் குப்புறப் போட்டோம். போட்ட பிறகுதான் பார்த்தோம்.

உட்பக்கத்தில் கையெழுத்துகள் இருப்பதை மறந்தே போயிருந்தோம். இந்தக் காரில் கைவைத்து வேலை செய்த எல்லோரும் அங்கே பெயர் எழுத வேண்டும் என்பது உன் கல்யாணத்துக்கு முந்தைய சட்டம். அட்டையின் ஓரம் சரியாக உன் பெயரின் நடுவே ஓடியது. சிவப்பு நகப்பூச்சால் நீ எழுதிய "லொரெய்ன்." அதற்குக் கீழே, எனக்கு ஆறு வயதில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்ததற்குச் சம்பளமாக நான் எழுதிய "ரோண்டா", பாதி எழுத்துகள் தலைகீழாக.

அப்பா அட்டையைத் தூரப் போட்டுவிட்டு, பென்சிலால் கையாலேயே ஒரு கோடு போட்டார். உன் பெயரைச் சுற்றிப் போய், என் கோணல் எழுத்துகளையும் சுற்றிக்கொண்டு வந்தது கோடு. "அப்பா, ஓட்டை பெருசாயிடுமே" என்றேன். "புடிச்சுக்கோ, ஆடக் கூடாது" என்றார். ரம்பம் ஓடி முடியும்வரை நான் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. என்னைத் தெரியும் உனக்கு.

நேற்று சனிக்கிழமை. வழக்கம்போல பர்கர் கடை வாசலில் ஊரிலுள்ள கார்ப் பைத்தியங்களின் எல்லா வண்டிகளும் வந்திருந்தன. சூப்பர்சார்ஜரை யாருமே பார்க்கவில்லை. ஓட்டையைத்தான் பார்த்தார்கள். ஒரு பக்கம் நேர்க்கோடு, மறுபக்கம் பல் வலிக்காரனின் கன்னம் மாதிரி வீக்கம். "வெர்ன், கண்ணை மூடிக்கிட்டு வெட்டினியாப்பா?" என்றார் ஒருவர். "குடிச்சிருப்பான்யா, பாவம், பொண்டாட்டி போனதுலேர்ந்து..." என்று பின்னால் ஒரு குரல். அப்பா பர்கர் காகிதத்தை மடித்துக்கொண்டே இருந்தார். "கை வழுக்கிடுச்சு" என்றார். முப்பது வருஷமாக வழுக்காத கை, அம்மா.

நான் முன் பம்பரில் ஏறி நின்று, "வெட்டினது நான்தான்! அப்பா பாத்ரூம் போன நேரத்துல ரம்பத்தை எடுத்துட்டேன்!" என்றேன். என்னைப் பற்றித்தான் ஊரில் எதைச் சொன்னாலும் நம்புவார்களே, உடனே நம்பினார்கள். நோவாக், "இந்தக் குட்டிப் பிசாசை வேற யாருக்காவது தத்து குடுத்துடு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வீடு திரும்பும்போது சிக்னலில் அப்பா என் தலையில் கை வைத்தார். பச்சை விழுந்த பிறகும் எடுக்கவில்லை. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள்.

இன்று காலை சமையலறை மேஜையில் ஒரு பழைய துண்டில் சுற்றிய பொட்டலம் இருந்தது. "அவ அட்ரஸ் உங்கிட்ட இருக்குல்ல?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் கராஜுக்குப் போய்விட்டார். பிரித்துப் பார்த்தேன். பானட்டிலிருந்து வெட்டியெடுத்த அந்தத் தகரம்தான், நம் பெயர்களோடு. ஓரமெல்லாம் அரம் போட்டுத் தேய்த்து வழவழவென்று ஆக்கியிருக்கிறார், உன் கையைக் கிழித்துவிடாமல் இருக்க.

அதைத்தான் இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். திரும்ப பானட்டில் வைத்துப் பற்றவைத்தால் வெட்டினதே தெரியாது என்கிறார் அப்பா. பிறகு சூப்பர்சார்ஜரை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன். "கழட்டிடுவேன்" என்றார், ஏதோ தொப்பியைக் கழற்றுகிற மாதிரி.

அம்மா, ஒன்று மட்டும் கேட்கிறேன். வருவதாக இருந்தால் அதைக் கையோடு கொண்டு வா. வருவதில்லை என்றால் அங்கேயே வைத்துக்கொள், என் பெயரும் அதில்தான் இருக்கிறது. ஆனால் தபாலில் மட்டும் திருப்பி அனுப்பிவிடாதே. வீட்டுக்கு வருகிற பார்சலை இப்போதெல்லாம் அப்பாதான் ஓடிப் போய் வாங்குகிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் தொப்பி போட்டுக்கொள்.

உன்,
ரோண்டா