கையுறையைக் கழற்றிவிட்டு

ஹரோ, லண்டன்
18 பெப்ரவரி 1996

அன்புள்ள அத்தானுக்கு,

ரொறன்ரோவில் இம்முறை குளிர் கடுமை என்று அறிந்தேன். நெஞ்சுச் சளிக்கு மருந்து எடுத்தீர்களா என்று கேட்டால் ‘ஓம் ஓம், எல்லாம் சரி’ என்பீர்கள். அதனால் கேட்கவில்லை.

வீட்டை விற்பதற்கு நீங்கள் அனுப்பிய சம்மதப் பத்திரம் கிடைத்தது. மகள் படிக்க மன்செஸ்டருக்குப் போய்விட்டாள், ஒருத்திக்கு மூன்று அறை எதற்கு என்று எழுதியிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். விற்றபின் நான் எங்கே இருப்பது என்பதை மட்டும் எழுதவில்லை. அங்கே வா என்றும் எழுதவில்லை.

எங்கள் அலுவலகத்தில் இந்தக் குளிர்காலம் முழுக்க ஒரே வேலை. விமானத்திலிருந்து பனிக்கட்டி அகற்றுவதற்கு ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு கம்பனியும் வைத்திருக்கும் விதிகளை ஒன்றாக்கி, ஒரே கைநூல் ஆக்க வேண்டும். கூட்டக் குறிப்பு எடுப்பதும் வரைவு எழுதுவதும் நான். பனி உருக இறக்கையில் தெளிக்கும் மருந்து எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை ஒருவர் தெளிக்கத் தொடங்கியதிலிருந்து கணக்கிடுகிறார், மற்றவர் தெளித்து முடித்ததிலிருந்து. பிஸ்கட் தின்றபடி பெரிய மனிதர்கள் பிடிக்கும் சண்டையை நீங்கள் பார்க்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை, இறுதிச் சோதனை பற்றிய பகுதி வந்தது. உதாரணமாக ஒரு சம்பவத்தை வாசித்தார்கள். லண்டன், ஐந்து வருடத்துக்கு முந்தைய ஜனவரி. பெயர் போடவில்லை. எனக்குப் பெயர் தேவைப்படவும் இல்லை. தெளிப்பவர்களின் கைநூலில், இறக்கையைத் தொட்டுப் பார்ப்பது விமானக் கம்பனி மெக்கானிக்கின் வேலை. விமானக் கம்பனியின் கைநூலில், அது தெளிப்பவரின் வேலை. தெளித்து முடித்து, சரி என்று நீங்கள் பெருவிரலை உயர்த்தினீர்கள், அந்த மெக்கானிக்கும் உயர்த்தினான். இருவரும் தொடவில்லை. கடைசி நேரத்தில் விமானி ஐயப்பட்டு ஏணி வைத்துப் பார்க்கச் சொன்னதால் அத்தனை சனமும் தப்பியது. வேலை போனது உங்களுக்கு மட்டும்.

இது தொழிலாளியின் பிழை அல்ல, விதிகளின் பிழை என்றார் கூட்டத் தலைவர். நான் ஐந்து வருடமாகக் காத்திருந்த வசனம். அப்படியே குறிப்பில் எழுதினேன். வரைவு திரும்பி வந்தபோது அதை வெட்டியிருந்தார்கள். ஏன் என்று தலைவரிடம் கேட்டேன். புதிய விதி இனிமேல் நடப்பதற்கு மட்டும்தான், பழையதைக் கிளறினால் வழக்கு வரும் என்றார், மிக மரியாதையாக. அந்தத் தொழிலாளியின் மனைவி நான் என்று அவருக்குத் தெரியாது. சொன்னால் அந்த மேசையில் எனக்கிருக்கும் கதிரையும் போய்விடும்.

உங்களோடு தெளிப்பு வண்டியில் நின்ற யாக்கோப்பு நேற்று வந்தார். சொன்னேன். சிரித்தார். “மேல இருக்கிறவை விட்டால் விதியின்ர பிழை, நாங்கள் விட்டால் எங்கட பிழை. இது உங்கட புத்தகத்தில இல்லையோ அக்கா?” என்றார். பிறகு, “வேலை போனதும் அண்ணை ஒரு மாசத்தில வாறன் எண்டுதானே கனடாவுக்குத் தம்பியிட்டப் போனவர்?” என்றார். தேத்தண்ணீர் ஊற்றப் போவதுபோல் எழுந்து போய்விட்டேன்.

ஒரேயொரு பகுதிக்கு மட்டும் எவரும் சண்டை பிடிக்கவில்லை. சில பனிக்கட்டி கண்ணாடிபோல் படியும். கீழே நின்று பார்ப்பவருக்கு இறக்கை ஈரமாக இருப்பதாகத்தான் தெரியும். ஏறிப்போய், கையுறையைக் கழற்றிவிட்டு, வெறும் கையால் தடவ வேண்டும். தூரத்தில் நின்று சரி என்று சொல்லக்கூடாது என்று நான் எழுதிய வசனத்தை எல்லா நாட்டுக்காரரும் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள்.

ஞாயிறுதோறும் தொலைபேசியில் நீங்கள் ‘எப்பிடி?’ என்கிறீர்கள். ஒரு குறையும் இல்லை என்கிறேன். நான் கேட்டாலும் அதே பதில்தான் வருகிறது. வைத்துவிடுகிறோம்.

பத்திரத்தில் நான் கையெழுத்து வைக்கவில்லை. மறுக்கவும் இல்லை. ஈஸ்டர் விடுமுறைக்கு மகள் வருவாள். நீங்களும் வந்து இந்த வீட்டில் சில நாள் இருந்து பாருங்கள். அதன் பிறகும் விற்கத்தான் வேண்டும் என்றால், உங்கள் கண் முன்னால் கையெழுத்து வைத்துத் தருகிறேன்.

வெள்ளிக்கிழமை விம்பிள்டன் பிள்ளையாரிடம் போவேன். நீங்கள் ஏறிவரும் விமானத்தின் இறக்கையை யாராவது ஒருவர் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும் என்று கேட்பேன்.

இன்னமும் உங்கள் மனைவி,
தவநாயகி