ஷெட்டில் இறங்கிய லேத்

ஜனவரி 6
என் கார் ஷெட்டில் இன்று இரும்பு கடையும் பழைய லேத் மெஷின் ஒன்று இறங்கியது. என் கார் தெருவில் வெயில் காய்கிறது. இருபத்தேழு வயது மகள், மாதச் சம்பளத்தை உதறிவிட்டு, பந்தய வேகத்தில் ஓடும் கார் ஒன்றைத் தன் கையாலேயே செய்யப் போகிறாளாம். காயலான் கடையில் எடுத்த கூடு, எதிலிருந்தோ கழற்றிய பெரிய எஞ்சின். நான் முப்பது வருஷமாகக் குழாயும் டைல்ஸும் விற்கிறேன். ஒரு குழாயாவது நானே செய்து பார்த்தேனா? செய்கிறவன் என்றைக்குக் காசு பார்த்தான்?

ஜனவரி 9
பேச்சு முடிந்தது. மார்ச் 31-க்குள் வண்டி தானாக ஓடிக் கேட்டைத் தாண்ட வேண்டும். இல்லையென்றால் லேத்தை விற்றுவிடுவேன். அவள் கடைக்கு வந்து கல்லாவில் உட்கார வேண்டும். "சரிப்பா" என்று உடனே சொல்லிவிட்டாள். எனக்குப் பிறந்தவளுக்குப் பேரம் பேசத் தெரியவில்லை!

ஜனவரி 28
அச்சு நுழையும் புஷ் வளையம் ஒன்றை நாலு தடவை கடைந்து நாலையும் குப்பையில் போட்டாள். கடைந்த சூட்டோடு அளந்தாளாம், ஆறியதும் அளவு இறங்கிவிட்டதாம். ஆறினால் இரும்பு சுருங்கும் என்று கண்டுபிடிக்க நாலு நாள். மேதை.

பிப்ரவரி 11
வீட்டுக்காரி காலில், கடையும்போது உதிர்ந்த இரும்புச் சுருள் குத்திவிட்டது. திட்டு எனக்கு.

மார்ச் 4
பின் சக்கரங்களைச் சுழற்றும் அச்சுக்கு உருக்குக் கம்பி வேண்டுமாம். ரகத்தையும் கடைப் பெயரையும் தாளில் எழுதிக் கொடுத்தாள். "அங்கேயே வாங்குங்கப்பா. விலையப் பார்க்காதீங்க." விலையைப் பார்க்காமல் வாங்க நான் என்ன மந்திரியா? பக்கத்துக் கடையில் அதே தடிமன், அதே நீளம், பாதி விலை. "எல்லாம் ஒண்ணுதான் முதலாளி" என்றான். நானே தினமும் நாலு பேரிடம் சொல்கிற பேச்சு. வாங்கினேன்.

மார்ச் 19
அச்சு தயார். ஆறவிட்டு ஆறவிட்டு அளந்தாள். மயிரிழை பிசகில்லை. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது — அவளிடம் சொல்லவில்லை.

மார்ச் 30
வண்டி கேட்டைத் தாண்டவில்லை. எஞ்சின் உறுமியது, தெருவே எட்டிப் பார்த்தது. ஒரு எம்பு எம்பி, பின்னால் மடார் என்று ஒரு சத்தம். கழற்றினாள். பிழிந்த துணி மாதிரி முறுக்கிக்கொண்டு கிடந்தது அச்சு.

"என் கடைசல்லதான் ஏதோ தப்புப்பா" என்றாள். அளவு நோட்டைத் திரும்பத் திரும்பப் புரட்டினாள். அழவில்லை. "நாளைக்கு லேத்தை வித்துடுங்க. நான் கடைக்கு வர்றேன்."

ஜெயிச்சாச்சு. சந்தோஷப்பட வேண்டியதுதானே? பாதி விலைக் கம்பி — ச்சே. முப்பது வருஷ வியாபார மூளையாம். மூளையா இது?

மார்ச் 31
சொல்லிவிட்டேன். வேறு கடை, வேறு ரகம், எல்லாவற்றையும். அளவு நோட்டை மூடி வைத்தாள்.

"வெட்டறப்பவே வெண்ணெய் மாதிரி வெட்டுச்சு. சந்தேகமாத்தான் இருந்துச்சு. நீங்க பார்த்து வாங்கினதாச்சேன்னு விட்டுட்டேன்."

இதற்குப் பதிலாக என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

புது ஒப்பந்தம். இந்தத் தடவை பேரம் பேசியவள் அவள். லேத் ஷெட்டிலேயே இருக்கும், என் கார் தெருவில். கெடு மே 31. கம்பியை அவள் சொன்ன கடையில் அவளே பார்த்து எடுப்பாள். நான் பக்கத்தில் நின்று, கேட்ட விலையை, வாயைத் திறக்காமல் கொடுக்க வேண்டும்.