டிஃபையன்ட் கப்பலின் கதவுகள்

1896 மார்ச் 3, மால்டா
நீர்த்தடுப்புக் கதவுகளை மறுபடி கழற்றி அரம் போட்டு மெருகேற்றச் சொன்னேன். வியாழக்கிழமை அட்மிரல் பார்வையிட வருகிறார். நம் பீரங்கி எதைச் சுடும் என்று இங்கே எவன் கேட்கிறான்? பளபளப்பைத்தான் பார்க்கிறார்கள். இந்த வருடமும் கேப்டன் பதவி வராவிட்டால் கமாண்டராகவே கிழவனாகிவிடுவேன்.

தலைமை எஞ்சினியர் மக்ராய் மூடிய கதவின் விளிம்பில் நகத்தை நுழைத்துக் காட்டினான். "இன்னும் தேய்ச்சா இது ஜன்னலாயிடும், கமாண்டர்." கரிக்கையோடு வந்து எனக்குப் புத்தி சொல்கிறான்!

மார்ச் 5
அட்மிரல் வெள்ளைக் கையுறையால் கதவைத் தடவினார். கறையே இல்லை. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஏப்ரல் 18
கதவுகளைத் தண்ணீர் விட்டுச் சோதிக்க வேண்டும் என்று மக்ராய் மறுபடி வந்து நின்றான். வண்ணப்பூச்சு கெட்டுவிடும், கடற்பயிற்சி முடியட்டும் என்றேன்.

"சரிங்க. தண்ணிகிட்டயும் அதையே சொல்லிடுங்க."

திமிர் பிடித்தவன். ஆனாலும் தூக்கம் வரவில்லை.

ஏப்ரல் 27, கடலில்
மூடுபனி. கப்பல் வரிசை குலையக் கூடாதென்று உத்தரவு.

ஏப்ரல் 28
பக்கத்து வரிசைக் கப்பல் எங்கள் இடப்புறத்தில் இடித்துவிட்டது. கதவுகளையெல்லாம் நேரத்துக்கு மூடினோம். மூடியும் — மூடியும் தண்ணீர். விளிம்பு முழுக்கப் பீய்ச்சி அடித்தது. படுக்கை, சட்டை, கையில் கிடைத்ததெல்லாம் திணித்தோம். மக்ராயும் நானும் தோளோடு தோள் கொடுத்து நின்றோம். அழுத்துங்கடா, அழுத்துங்கடான்னு கத்தினேன். வேற என்ன செய்ய?

கப்பல் பிழைத்தது. அடுத்த நிலக்கரி அறையில் மாட்டிக்கொண்ட கரித் தொழிலாளிகள் கிம்பரும் லோவும் பிழைக்கவில்லை. அங்கேயும் கதவு மூடித்தான் இருந்தது. அது தாங்கியிருந்தால் அவர்கள் கால்கூட நனைந்திருக்காது. பாவி, நான்தானே தேய்க்கச் சொன்னேன்.

மே 12
விசாரணை முடிந்தது. பழி மூடுபனிமேல். கதவைப் பற்றிக் கேள்வியே வரவில்லை. மக்ராயைக் கூப்பிடவே இல்லை. வெளியே வந்ததும் கேட்டான்: "நீங்களாவது சொன்னீங்களா?"

யாரும் கேட்கவில்லை என்றேன். தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

ஜூன் 30
கேப்டன் பதவி வந்துவிட்டது. கப்பலைப் பேணுவதில் எனக்கு நிகரில்லை என்று அட்மிரல் எழுதினாராம். டிஃபையன்ட்டைத் துறைமுகக் காவலுக்கு ஒதுக்கிவிட்டார்கள். அது கடலில் இறங்கி நாலே வருடம். இனி அது கடல் காணாது.

நவம்பர் 2
புதுக் கப்பலில் ஏறினேன். அதன் கமாண்டர், துடிப்பானவன், நேரே கீழ்த்தளத்துக்கு அழைத்துப் போனான். கதவுகளில் என் முகம் தெரிந்தது.

"உங்களுக்கு இப்படித்தான் பிடிக்கும்னு சொன்னாங்க, சார். ஒரு வாரமா அரம் போட்டோம்."

மூடச் சொன்னேன். விளிம்பில் நகத்தை வைத்துப் பார்த்தேன். நுழைந்தது.