தாழ்ப்பாளைத் தேடாதே

அண்ணா,

சூப்பை வடிகட்டி பிளாஸ்க்கில் வைத்திருக்கிறேன். கட்டு மாற்ற நர்ஸ் அக்கா வருவார். சாவி அவரிடம் இருக்கிறது, நீ எழுந்திருக்க வேண்டாம்.

குளியலறைத் தாழ்ப்பாளைத் தேடாதே, நான்தான் கழற்றினேன். நேற்று உள்ளே சத்தம் கேட்டபோது, "வாளிதான் விழுந்துச்சு, போடி" என்றாய். வாளி முனகுமா? கதவைத் தட்டுவதைத் தவிர எனக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை. இனி உள்ளே போனால் பாட்டுப் பாடு, யாரும் வர மாட்டோம்.

மலம் சேர வயிற்றில் ஒட்டிய பை நிரம்பிவிடும் என்று பயந்துதான் நீ சாப்பிட மறுக்கிறாய். பட்டினி கிடந்தால் குடலில் போட்ட தையல் எப்படி ஆறும்? உன் தலைமாட்டில் நான் வைத்த நாவலைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். அதில் பக்கத்துக்குப் பக்கம் விருந்து நடப்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

— சுண்டெலி

பி.கு. "ஒட்டிக்கிட்டுத் திரிஞ்சு பாரு, அப்பத்தான் தெரியும்" என்று கத்தினாயே, அது சரிதான். உன் பை ஒன்றில் தண்ணீர் ஊற்றி என் வயிற்றில் ஒட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறேன். சட்டைக்கு மேலே தெரியவில்லை, ஆனால் கை அங்கேயே போகிறது. தோல் உரியாமல் எப்படிக் கழற்றுவது என்று தெரியவில்லை. சாயங்காலம் நீதான் சொல்லித்தர வேண்டும்.