பதினெட்டு நிமிடம் நின்ற வண்டி

கடல் தாண்டி இருக்கும் என் அக்கா மகளுக்கு உன் ஒரே தாய்மாமன் எழுதுவது. நானும் என் வேனும் நலம். உன் அம்மாவும் நலம். இந்த நிமிடம் துணி உலர்த்திக்கொண்டே என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். திட்டுகிற அளவுக்கு மூச்சு இருக்கிறது என்று வைத்துக்கொள்.

போனில் சொன்னால் போதாதா என்பாய். போன் வந்தால் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள். அதனால்தான் எட்டாம் வகுப்பை இரண்டு முறை படித்த கையால் எழுதுகிறேன். பிழை இருந்தால் வாத்தியாரைக் கேள்.

உன் சித்தியின் புது வீட்டுக்குப் போய், மூன்றாம் நாள் காலை திரும்பிக்கொண்டிருந்தோம். அந்தப் பாதையை ஐந்து மணி நேரம் ஐம்பது நிமிடத்தில், எங்கும் நிறுத்தாமல் ஓட்டிய ஆள் பூமியில் நான் ஒருவன்தான். விமானம் ஓட்டுகிறவர்களே வந்து எப்படி என்று கேட்டிருக்கிறார்கள். சரி, ஒருவர். அவரும் விமான நிலையத்தில் பெட்டி தள்ளுகிறவர்.

பாதி வழியில், "டேய், மூச்சு முட்டுதுடா" என்றாள் உன் அம்மா. திரும்பிப் பார்த்தேன். முகம் சாம்பலாகி வியர்வை ஊற்றியது. நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிக்கிற மாதிரி சத்தம், வாயோரம் இளஞ்சிவப்பு நுரை. ஒரு டயர் கடை வாசலில் நிறுத்தி, மயக்கம் என்று நினைத்துப் பின் சீட்டில் படுக்க வைத்தேன். மூழ்குகிறவள் மாதிரி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். டயர் கடைக்காரர்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். இரண்டே நிமிடத்தில் வந்தது என்று தெருவில் சொல்லியிருக்கிறேன். பதினொரு நிமிடம் ஆனது. உனக்கு மட்டும் சரியான கணக்கு.

இறங்கியது உன் வயதுப் பெண். என் தோள் உயரம்கூட இல்லை. "யாரு இவங்களப் படுக்க வச்சது? எழுப்பி உட்கார வைங்க" என்பதுதான் அவள் முதல் பேச்சு. ஆம்புலன்ஸில் ஏற்றி, காலைத் தொங்கவிட்டு உட்கார வைத்தாள். ரத்த அழுத்தம் இருநூற்றுப் பத்து. விரலில் மாட்டிய ஆக்ஸிஜன் அளக்கும் கருவி எழுபத்தாறு காட்டியது. தொண்ணூறைத் தாண்ட வேண்டுமாம். இதயம் தள்ள முடியாமல் நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்றாள்.

"பேச்சு அப்புறம், வண்டிய எடுங்க! இல்ல, சாவியக் குடுங்க, நானே ஓட்டறேன்!" என்று கத்தினேன். அவள் நிமிரவே இல்லை. "ஐயா, ஆஸ்பத்திரி முக்கா மணி நேரம். அதுவரைக்கும் இவங்க தாங்கணும்ல? வைத்தியம் இங்கயே ஆரம்பிச்சாச்சு. நீங்க கையப் பிடிச்சுக்கங்க" என்றாள்.

நாக்குக்கு அடியில் மருந்து அடித்தாள். கையில் ஊசி. பிறகு காற்றை விடாமல் உள்ளே அழுத்துகிற ஒரு முகமூடியை இறுக்கிக் கட்டினாள். உன் அம்மா அதைப் பிய்த்து எறியப் பார்த்தாள். அந்தப் பெண் நெற்றியோடு நெற்றி படுகிற அளவுக்குக் குனிந்து, "அம்மா, என்னப் பாருங்க. காத்து தள்ளும், அதோட சண்ட போடாதீங்க. என்கூடச் சேந்து இழுங்க, விடுங்க" என்று தானும் மூச்சு விட்டுக் காட்டினாள். யார் பேச்சையும் கேட்டதில்லை நான். என் மூச்சும் அவள் சொன்னபடி போனது பாப்பா.

எழுபத்தாறு எண்பதானது. அழுத்தம் பார்த்து இன்னொரு முறை மருந்து. எண்பத்தைந்து. கொதிக்கிற சத்தம் மெல்ல அடங்கியது. தொண்ணூற்றிரண்டில் உன் அம்மா என்னைப் பார்த்து முறைத்தாள். பதினெட்டு நிமிடம் அந்த வண்டி ஓர் அங்குலம் நகரவில்லை. வேகம்தான் உயிரைக் காக்கும் என்று முப்பத்தாறு வருடம் ஸ்டியரிங் பிடித்தவன் நான். நின்ற இடத்திலேயே ஓர் உயிர் திரும்பி வந்ததைக் கண்ணால் பார்த்தேன். இதில் ஒரு சொல்கூட நான் சேர்க்கவில்லை.

இனிமேல்தான் போனில் சொல்ல முடியாதது. என்னென்ன மாத்திரை என்று அந்தப் பெண் கேட்டாள். வேனின் டாஷ்போர்டிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். நெஞ்சில் நீர் சேராமலிருக்க டாக்டர் கொடுத்த, நீர் பிரிகிற மாத்திரை அட்டை மட்டும் பிரிக்காமல் இருந்தது. வீட்டை விட்டுக் கிளம்பி மூன்று நாள் என்றேன். மூன்று நாளாகவா போடவில்லை, யார் நிறுத்தச் சொன்னது என்றாள். ஊரையே அளக்கும் நான், குனிந்து உன் அம்மாவின் செருப்பைத் தேடினேன். முகமூடிக்குள் இருந்த உன் அம்மா கையைத் தூக்கித் தன் நெஞ்சில் தட்டிக் காட்டினாள், தான்தான் மறந்துவிட்டதாக.

அவள் மறக்கவில்லை. "அதப் போட்டா அரை மணிக்கொரு தரம் வண்டிய நிறுத்தணும்க்கா" என்று கிளம்பும்போதே அட்டையை வாங்கி வைத்தவன் நான், என் ஐந்து மணி ஐம்பதுக்காக. நடுவில் ஒரு நாள் கேட்டாள். "ரெண்டு நாள்ல என்ன ஆயிடப் போகுது" என்றேன்.

போன ஞாயிறு, "சின்னப் பிள்ளையா நீ, மாத்திரைய மறக்கறதுக்கு" என்று போனில் அவளைத் திட்டினாய். தலை குனிந்து கேட்டுக்கொண்டாள். நான் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

நேற்று இங்கே டவுன் ஆஸ்பத்திரிக்குப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். முக்கால் மணிப் பாதையில் மூன்று முறை நிறுத்தினேன், ஒரு முறை அவள் கேட்காமலேயே. "இப்படி ஓட்டினா நடந்து போறவன் முந்திடுவான்டா" என்றாள்.

அடுத்த முறை கூப்பிடும்போது நானே போனை எடுக்கிறேன். திட்டையெல்லாம் என்னிடம் கொடுத்துவிடு. அவளிடம் மூச்சு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேள். நீ நன்றாயிருப்பாய், தாயே.

இப்படிக்கு,
இனி அதே பாதைக்கு எட்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளும் உன் மாமன்.