ஆப்சென்ட்டும் அட்டெம்ப்ட்தான்

முக்கியமான முடிவு ஒன்று எடுக்கப்பட்டிருக்கிறது. உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் கல்லூரியில் கட்டணம் கட்டும் ஜன்னலுக்கு எதிரே கிடக்கும் பெஞ்சுக்குப் பச்சை வண்ணம் பூசுவது என்று குழு கூடி, நீலத்தையும் பரிசீலித்து, ஒருமனதாகத் தீர்மானித்தது. இப்போது அங்கேயே பாடம் நடத்துகிறவன் என்பதால் நானும் அந்தக் குழுவில் இருந்தேன். இன்று வராந்தா முழுக்க பெயின்ட் வாடை. அதுதான் உன்னைக் கூட்டிவந்தது.

அந்த பெஞ்சில்தான் நாம் காத்திருந்தோம். பட்டம் வாங்க உனக்கு ஒரு பாடம் பாக்கி, வெப்பவியல். சென்னையில் ஒரு கம்பெனி உன்னைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பட்டத்தோடு வந்தால் போதும் என்றிருந்தது. அந்த ஆண்டுதான் நிர்வாகம் புது விதி கொண்டுவந்தது. ஒரே பாடத்தில் மூன்று முறை தவறியவர் அதன் கட்டணத்தை மறுபடி முழுதாகக் கட்டி, ஜூனியர்களோடு உட்கார்ந்து கேட்ட பிறகே தேர்வெழுதலாம். மாணவர்களுக்குப் பொறுப்பு வரும் என்று சுற்றறிக்கையில் விளக்கம் இருந்தது.

நீ தவறியது இரண்டு முறைதான். அடுத்த தேர்வு மழைக்காகத் தள்ளிப்போய், உன் அக்கா மகளின் காதுகுத்து நாளில் வந்து விழுந்தது. தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்த முடியாது. வெப்பவியல் நடந்துகொண்டிருந்தபோது நீ நார்த்தாமலைக் கோயிலில், அழுகிற குழந்தையை மடியில் பிடித்துக்கொண்டிருந்தாய்.

ஜன்னலுக்குள்ளிருந்த கிளார்க் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஆப்சென்ட்டும் அட்டெம்ப்ட்தான் தம்பி."

"வராதவன் எப்படிண்ணே ஃபெயிலாவான்?"

"வந்தவங்களே ஆகுறாங்க. ஒங்களுக்கென்ன?"

நீ என் பக்கம் திரும்பினாய். "பழைய படத்தைத் திரும்பப் போட்டா தியேட்டர்காரனே டிக்கெட்டைக் கொறைப்பான் மாப்ள. இவங்க வாத்தியாரோட அதே ஜோக்க மறுபடி கேக்க முழு ரேட்டு கேக்குறாங்க."

உன் கையிலிருந்த பணம் தாய்மாமன் சீராகத் தோடாகிவிட்டிருந்தது. நான் கட்டுகிறேன் என்றேன். "ஒனக்கே ரெண்டு அரியர் கெடக்கு. வள்ளலாட்டம் பேசாத" என்றாய். கம்பெனி வேறொருவரை எடுத்துக்கொண்டது. நீ கட்டுமாவடியிலிருந்து மீன் வண்டி ஓட்டப் போனாய். அடுத்த செமஸ்டர் கட்டிவிடுவேன் என்று ஒவ்வொரு செமஸ்டரும் சொன்னாய். கட்டணமும் ஆண்டுதோறும் உயர்ந்து பொறுப்பை வளர்த்தது.

வெப்பவியல் இப்போது என்னிடம்தான். மறுபடி வந்து உட்காருகிறவர்களுக்காக ஆண்டுதோறும் ஜோக்குகளை மாற்றிவிடுகிறேன். முழுக் கட்டணத்துக்குக் கல்லூரி தரும் கூடுதல் வசதி அது ஒன்றுதான். உன் பேச்சில் எனக்கு மிஞ்சியதும் அதுதான்.

சென்ற மாதம் காமாலையில் நீ போனபோது, கண்ணீர் அஞ்சலி பேனரில் உன் பெயருக்குப் பின்னால் பி.இ. போடலாமா என்று பிளக்ஸ் கடையில் நாங்கள் தயங்கி நின்றோம். போனில் உன் அக்காவைக் கேட்டோம்.

"போடுங்கப்பா. அங்க எவன் மார்க் ஷீட் கேக்கப் போறான்."

போட்டோம். திருக்கோகர்ணம் பஸ் நிறுத்தத்தில், பட்டதாரியாகச் சிரித்துக்கொண்டிருந்தாய்.

அனுமதி வாங்காத பேனர் என்று மறுநாள் கழற்றிவிட்டார்கள்.